வீட்டில் எடைப் பயிற்சி: எவ்வளவு செலவு தேவை?

2025 செப்டம்பர் 22 முதல் உடற்பயிற்சிக் கூடக் கட்டணத்திற்கான சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வீட்டுக்கு வாங்கும் உடற்பயிற்சிக் கருவிகளுக்கு இக்குறைப்பு பொருந்தாது. எனினும், செலவுக்கு அஞ்சிப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டியதில்லை.

வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசை வலுவூட்டும் பயிற்சி தேவை என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. ஆரணியில் நாள் முழுவதும் தறியில் அமர்ந்து பட்டு நெய்வோருக்கும் இது பொருந்தும். நீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோ. தொடக்கத்திற்கு அதுவே போதும். பின்னர் வாங்குவதாயின், எடைத் தட்டுகளை மாற்றத்தக்க ஒரு சோடி டம்பெல் போதுமானது. பழைய கருவியெனில் விரிசலையும் பூட்டின் இறுக்கத்தையும் சரிபார்க்கவும்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளோரும் அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றோரும் மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்னரே தொடங்க வேண்டும். எடை தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது.