இலவசக் குடை!

கொட்டாம்பட்டியிலிருந்து நான்கு திசைக்கும் சாலை போகிறது. வடக்கே திருச்சி, தெற்கே மேலூர், மதுரை, மேற்கே நத்தம் வழியாகத் திண்டுக்கல், கிழக்கே சிங்கம்புணரி, திருப்பத்தூர். தேங்காய் ஏற்றிய லாரி போகிறது, கயிறு ஏற்றிய லாரி போகிறது, கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிய பேருந்து போகிறது. மதுரைக்குப் போகும் வண்டி சிட்டம்பட்டிச் சுங்கச்சாவடியிலே நிற்கிறது. காருக்கு ஒரு கட்டணம், லாரிக்கு ஒரு கட்டணம், அச்சு கூடினால் கட்டணமும் கூடும். கசக்கத்தான் செய்கிறது, கொடுக்கத்தான் செய்கிறோம்.

ஆனால் அந்தச் சாவடியிலே இருப்பவர் ஒருநாள் லாரியை மறித்து, "உள்ளே இருப்பது யார் தோப்புத் தேங்காய்? பெரிய தனக்காரர் தோப்புக் காயா? கட்டணமே வேண்டாம், பறந்து போ! அரைக் காணிக் குத்தகைக்காரன் காயா? ஓரங்கட்டி நில், பொழுது சாய்ந்ததும் பார்க்கலாம்" என்று சொன்னால்? சும்மா இருப்பார்களா மேலூர் வட்டாரத்து மக்கள்? சாலைக்குக் கட்டணம் கேள், கொடுக்கிறோம். சரக்குக்குச் சாதி பார்க்காதே என்று சீறி எழமாட்டார்களா?

இணையச் சமநிலை என்று படித்தவர்கள் பேசுகிறார்களே, அதன் முழுப்பொருளும் இவ்வளவுதான். செல்பேசிக் கோபுரமும் கண்ணாடியிழைக் கம்பியும் சாலை. அதிலே ஓடும் செய்தி, படம், பாட்டு, பாடம், கடைக்கணக்கு எல்லாம் சரக்கு. எத்தனை ஜிபி ஓடியது என்று கணக்கிட்டுக் காசு வாங்கலாம். யாருடைய சரக்கு என்று பார்த்து ஒன்றை விரைவாகவும் ஒன்றை நொண்டியாகவும், ஒன்றை இலவசமாகவும் ஒன்றைக் காசுக்கும் விடக்கூடாது. 'நெட் நியூட்ராலிட்டி' என்று 2003இல் பெயர் சூட்டியவர் டிம் வூ என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர். பெயர்தான் புதிது. 1860இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய பசிபிக் தந்திச் சட்டம், அரசாங்கத் தந்தி நீங்கலாக, யார் கொடுத்த தந்தியானாலும் வந்த வரிசைப்படியே பாரபட்சமின்றி அனுப்பியாக வேண்டும் என்று விதித்தது. கட்டுக்கம்பித் தந்திக்கே கிடைத்த நீதி அது!

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இணையத்தின் வழியே பேசும் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, சில நாட்களிலேயே அறிவிப்பு பின்வாங்கப்பட்டது. 2015 பிப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு கைகோத்து 'இன்டர்நெட் டாட் ஆர்க்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் தொடங்கிய வட்டங்களிலே தமிழ்நாடும் ஒன்று. முப்பதுக்கும் மேற்பட்ட தளங்களைக் காசில்லாமல் பார்க்கலாம், தமிழிலும் பார்க்கலாம்! மற்றவற்றைப் பார்க்கவேண்டுமா? காசு. ஏப்ரலில் ஏர்டெல் மற்றொரு திட்டத்தோடு வந்தது. பெயர் 'ஏர்டெல் ஜீரோ'. செயலியை நடத்தும் கம்பெனி பணம் கட்டினால், அந்தச் செயலி மக்களுக்கு இலவசம். அதிலே சேர இருந்த பிளிப்கார்ட், மக்களின் கோபத்தைக் கண்டு ஒரே வாரத்தில் விலகிக்கொண்டது.

'இன்டர்நெட் டாட் ஆர்க்' அதே ஆண்டில் 'ப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஏழைக்கு இலவசம்! எவ்வளவு இரக்கம், எவ்வளவு ஈகை!

ஏழைக்கு இலவசம் என்று தமிழனிடம் சொல்லும்போது தூத்துக்குடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையரின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு எதிராகக் கப்பல் ஓட்டினார். வெள்ளைக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில், "எங்கள் கப்பலிலே ஏறினால் காசே வேண்டாம், கூடவே ஒரு குடையும் தருகிறோம்" என்றது அந்தக் கம்பெனி. இலவசப் பயணம், இலவசக் குடை! ஏறியவன் ஏமாந்தவன் என்று நாம் ஏசமாட்டோம். கொழும்புக்குப் பிழைக்கப் போகிற கூலிக்குச் சில அணாக்கள் மிச்சமென்றால் அது பெரிய காசு. ஆனால் அந்தக் குடை எதற்குக் கொடுக்கப்பட்டது? மழைக்கா? இல்லை. எதிரே நின்ற கப்பல் இனி ஓடாமலிருப்பதற்கு! 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார், செக்கிழுத்தார். கம்பெனி கடனில் மூழ்கி 1911இல் கலைக்கப்பட்டது. குடை மட்டுமே அதைக் கவிழ்த்தது என்று சொல்ல மாட்டோம், அடக்குமுறை பெரிய காரணம். ஆனால் சுதேசிக் கப்பல்களில் ஒன்று அந்தப் போட்டிக் கம்பெனியிடமே விலைபோயிற்று என்பதை நினைக்கும்போது நெஞ்சு இன்றும் கொதிக்கிறது. போட்டியாளன் போனபின் எந்தக் கம்பெனி இலவசக் குடை கொடுத்துக்கொண்டிருக்கும்?

பேஸ்புக் வெளிநாட்டான் கம்பெனி என்பதால் இப்படிப் பேசுகிறோம் என்று எண்ணிவிட வேண்டாம். ஏர்டெல் இந்நாட்டுக் கம்பெனிதான். வாயிலில் நிற்பவன் எந்த நாட்டான் என்பதல்ல வழக்கு. வாயிலில் ஒருவன் நிற்கலாமா என்பதே வழக்கு.

கொட்டாம்பட்டியிலே ஒரு மாணவி சங்க இலக்கியம் படிக்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நூலைத் தேடி மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து தந்த நூல்களை இணையத்திலே இலவசமாக வைத்திருக்கிறது. நம் மதுரையின் பெயரைத் தாங்கிய இந்தத் தொண்டுக்கு விளம்பரத் துறை கிடையாது, வழக்கறிஞர் படை கிடையாது. 'ஏர்டெல் ஜீரோ' போன்ற முறை நிலைத்திருந்தால் அதற்கு யார் பணம் கட்டுவார்? 'ப்ரீ பேசிக்ஸ்' பணம் கேட்கவில்லைதான். ஆனால் உள்ளே வரும் தளம் எப்படி இருக்கவேண்டும் என்ற விதிகளை வகுத்தது பேஸ்புக். வழியும் பேஸ்புக்கின் கணினிகள் ஊடேதான். வள்ளுவரும் இளங்கோவும் கலிபோர்னியாவிலே விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும்! சிங்கம்புணரிக் கயிற்றுத் தொழிலாளி தன் சரக்கை விற்க ஒரு சிறு தளம் தொடங்கினாலும் இதே கதி. வாங்க வருகிறவனுக்குப் பெரிய அங்காடி இலவசம். இவன் கடையோ காசுக்கு. யார் கடைக்குள் காலெடுத்து வைப்பான்?

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு. அதை ஏளனம் செய்து ஒதுக்குவது நேர்மையாகாது. "முழு இணையம் வாங்க வக்கில்லாதவனுக்கு முப்பது தளமாவது கிடைக்கட்டுமே, பசித்தவனுக்குக் கூழைக்கூடவா தடுப்பீர்கள்?" என்று கேட்டார்கள். உருக்கமான கேள்விதான். விக்கிப்பீடியாகூட ஒரு காலத்தில் இதே வாசல் வழியாகப் பல நாடுகளுக்குள் போயிற்று. நல்ல எண்ணத்தோடுதான் போயிற்று, 2018இல் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. ஆனால் நம் நாட்டிலே நடந்ததைப் பாருங்கள். 2014இல் ஒரு ஜிபி டேட்டாவுக்குச் சராசரியாக 250 ரூபாய்க்கு மேல். 2018இல் 15 ரூபாய்க்கும் கீழே. 2016 செப்டம்பரில் ஜியோ களத்தில் குதித்ததும் விலை சரிந்தது. போட்டி குறைத்த விலை அது. வாயிற்காவலன் போட்ட பிச்சை அல்ல. அதே 2016 டிசம்பரில், கிராமத்து மக்களுக்கு மாதம் 100 எம்பி இலவசமாகத் தரலாம், எந்தத் தளத்துக்கு வேண்டுமானாலும் அதைச் செலவிடட்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. இது கொடை! காசைக் கையிலே கொடுத்து, கடையை நீயே தேர்ந்தெடு என்பது கொடை. காசைக் கொடுத்து, இன்ன கடையில்தான் வாங்கவேண்டும் என்பது தரகு.

மக்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 2015 மார்ச் இறுதியில் டிராய் கருத்துக் கேட்டபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. (எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையெல்லாம் ஆணையம் அப்படியே ஊரறிய வெளியிட்டு வைத்தது தனிக் கூத்து!) ஆண்டு இறுதியில் டிராய் மறுபடி கேட்டபோது, பேஸ்புக் நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரம் செய்தது. தன் பயனாளிகள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், முன்பே எழுதிவைத்த கடிதம் ஆணையத்துக்குப் போய்ச் சேரும் என்று ஏற்பாடும் செய்தது. நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இதிலே பதில் எங்கே என்று கேட்டது ஆணையம். சரியான கேள்வி.

2016 பிப்ரவரி 8ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சரக்கைப் பார்த்து டேட்டாவுக்கு வேறுவேறு கட்டணம் வாங்குவதை டிராய் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் ரூபாய் தண்டம். 'ப்ரீ பேசிக்ஸ்' இந்தியாவிலே கடையைக் கட்டியது. அந்த ஆத்திரத்தில் பேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனி ஆதிக்கத்தை எதிர்த்தே இந்தியா பல பத்தாண்டுகளாகப் பொருளாதாரத்தில் கெட்டது என்ற பொருள்படத் ட்விட்டரில் எழுதினார்! எதிர்ப்பு வெடித்ததும் அழித்தார், மன்னிப்பும் கேட்டார். மார்க் சக்கர்பெர்க்கும் அந்தக் கருத்து தமக்கு உடன்பாடானதல்ல என்று சொல்லிக்கொண்டார். மன்னித்தோம், மறக்கவில்லை. குடை கொடுத்த கை எதை எண்ணிக் கொடுத்தது என்பது அந்த ஒரு வரியிலே வெளிப்பட்டுவிட்டதே!

கட்டணம் ஒருபக்கம், வேகம் மறுபக்கம். விலையில் வேறுபாடு காட்டாமலே, ஒருவன் தளத்தை ஓடவிட்டு மற்றவன் தளத்தைத் தவழவிடலாம். டீக்கடையிலே டீயின் விலை ஒன்றாக இருந்தும் குவளை இரண்டாக இருந்த கொடுமையைப் பார்த்தவர்கள் நாம். 2017 நவம்பரில் டிராய் இதற்கும் பரிந்துரை செய்தது. 2018இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டு, தடுத்தலும் தாமதப்படுத்தலும் கூடாது என்பதை நிறுவனங்களின் உரிம நிபந்தனைகளிலே சேர்த்தது. தொலைதூர அறுவைச் சிகிச்சை போன்ற சிறப்புச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு நியாயம்தான், அந்தச் சன்னல் வாசலாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் வென்றுவிட்டோமே, இப்போது எதற்கு இந்தத் தலையங்கம்?

நாம் வென்றது ஆணையத்தின் ஒழுங்குமுறையிலும், உரிமத்தின் நிபந்தனையிலும் நிற்கிறது. நாடாளுமன்றச் சட்டத்திலே நிற்கவில்லை. 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. அதிலே இணையச் சமநிலைக்கென்று பெயர்சொல்லி ஒரு பிரிவு இல்லை. ஆணையம் போட்ட விதியை ஆணையமே மாற்றலாம். அரசு வைத்த நிபந்தனையை அரசே எடுக்கலாம். வெறும் அச்சம் அல்ல இது. அமெரிக்காவைப் பாருங்கள். 2015இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் சமநிலை விதிகளைப் போட்டது. ஆட்சி மாறியது, 2017 டிசம்பரில் அதே ஆணையம் நீக்கியது. மறுபடி ஆட்சி மாறியது. 2024 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 2ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி விதிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று அடித்துவிட்டது. பத்தே ஆண்டுகள், நான்கு குட்டிக்கரணம்! நாட்டின் சட்டமன்றம் தெளிவாக ஒரு வரி எழுதிவைக்காததால் வந்த வினை.

இங்கேயும் கதவைத் தட்டும் ஓசை கேட்கிறது. பெரிய செயலிகள் எங்கள் கம்பியை நிறைக்கின்றன, எனவே அவை எங்களுக்குப் 'பங்கு' கட்டவேண்டும் என்று செல்பேசி நிறுவனங்களின் சங்கம் கேட்டுவருகிறது. கேட்பதற்கு நியாயம்போல இருக்கும். யூடியூபிடம்தானே கேட்கிறார்கள், நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் கொட்டாம்பட்டியிலே ரீசார்ஜ் செய்கிறவன் எதற்குப் பணம் கட்டுகிறான்? அந்தப் படம் தன் கைக்கு வந்து சேர்வதற்குத்தானே? 2024 ஜூலையில் மூன்று பெரிய நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தியபோது, கோபுரம் கட்டச் செலவாகிறது என்றுதானே சொன்னார்கள்? வாங்குபவனிடம் ஒருமுறை, அனுப்புபவனிடம் ஒருமுறை — ஒரே மூட்டைக்கு இரண்டு சுங்கமா? அனுப்புபவன் பணம் கட்டும் முறை தென் கொரியாவிலே நடப்பில் இருக்கிறது. அங்கே கம்பிக் கட்டணம் தாங்க முடியவில்லை என்று சொல்லி, 'ட்விட்ச்' என்ற பெரிய ஒளிபரப்புத் தளம் 2024 பிப்ரவரியில் நாட்டைவிட்டே வெளியேறியது. அமேசானின் பணபலம் உடைய தளத்துக்கே அந்தக் கதி என்றால், மதுரைத் திட்டம் எந்த மூலை?

ஆகவே நாம் கேட்பது இரண்டு. தொலைத்தொடர்புச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து, தடுக்கக்கூடாது, தாமதப்படுத்தக்கூடாது, பணம் வாங்கிக்கொண்டு முந்தவிடக்கூடாது என்பதை நாடாளுமன்றமே எழுதிவைக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்றிருக்கும் 39 மக்களவை உறுப்பினர்களும், எந்தக் கட்சிக் கரை வேட்டி கட்டியிருந்தாலும், இதிலே ஒரே குரலில் பேசலாம். தனிநபர் மசோதாவாகவும் கொண்டுவரலாம்.

இரண்டாவது, மொழி. 2015இல் டிராய் மக்களிடம் கருத்துக் கேட்ட அறிக்கை 118 பக்கம், அத்தனையும் ஆங்கிலம். பத்து லட்சம் பேர் எழுதினார்கள் என்று பெருமைப்படுகிறோம். அவர்களிலே மேலூர் வட்டாரத்துத் தேங்காய் வியாபாரி எத்தனை பேர், கயிறு திரிக்கும் பெண் எத்தனை பேர்? ஆங்கிலம் அறியாததால் அவர்கள் வாய் அடைக்கப்பட்டிருந்ததே! காசு கேட்கும்போது மட்டும் செல்பேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி அழகுத் தமிழிலே வந்துவிடுகிறது. அடுத்தமுறை ஆணையம் கருத்துக் கேட்கும் நாளில், கேள்விகள் முழுவதும் தமிழிலே வரவேண்டும். பதிலும் தமிழிலே ஏற்கப்பட வேண்டும்.