இழுவை மாடும் சவாரி மாடும்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணஞ் செய்துபார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றிப்பார் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆயினும் அதைச் செய்கின்ற மக்களும் உலகில் உளர். பிரித்தானியாவிலே கோடை விடுமுறை பிறந்ததும், படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அடங்கிய சிறு வீடொன்றைத் தம் மோட்டார் வண்டியின் பின்னே கொளுவிக்கொண்டு, கடற்கரையையும் மலைநாட்டையும் நாடிப் பல குடும்பங்கள் புறப்படுகின்றன. அவ்வீட்டு வண்டிக்குக் 'கரவன்' என்று பெயர். இன்பப் பயணத்துக்கெனவே செய்யப்பட்ட முதலாவது கரவன் எனக் கருதப்படுவது, கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்னும் வைத்தியருக்காக 1885ஆம் ஆண்டிற் பிறிஸ்டல் நகரிலே கட்டப்பட்டது. அதை இழுத்தவை இரண்டு குதிரைகள். இன்று இழுப்பது மோட்டார் வண்டி. அது பெற்றோல் வண்டியா, டீசல் வண்டியா என்பதே வழக்கு.

இவ்வழக்கு என்னிடம் வந்த கதையைச் சொல்கிறேன். என்னிடம் பௌதிகம் கற்ற மாணவர் ஒருவர் இப்போது இலண்டன் புறநகரிலே குடும்பத்துடன் வாழ்கிறார். சென்ற மாதம் மின்னஞ்சலில் அவர் எழுதியிருந்தார்: "சேர், பழைய கரவன் ஒன்று வாங்கியிருக்கிறோம். சாமான்களுடன் 1,300 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று அதன் தகட்டிற் பொறித்திருக்கிறது. ஆவணி விடுமுறையில் இரண்டு கிழமை வேல்ஸ் மலைப்பக்கம் போக எண்ணம். அதை இழுக்க 2013ஆம் ஆண்டு டீசல் வண்டியொன்று மலிவாக வருகிறது. டீசலா, பெற்றோலா? நீங்கள் சொன்னால் வாங்கிவிடுவேன்."

பௌதிகக் கேள்விதானே என்று, டீசலே நன்று என அரைப் பக்கம் எழுதிவிட்டேன். அந்த அரைப் பக்கத்தை முதலிற் கேளுங்கள். அதை நான் ஏன் அனுப்பவில்லை என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

வண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சவாரி மாடு திடலிலே காற்றாய்ப் பறக்கும். நெல் மூடைகள் ஏற்றிய வண்டியை மணலிலிருந்து அசைத்து எடுப்பதற்கோ பார வண்டி மாடுதான் வேண்டும். குதிரை வலு என்பது வேலையை எவ்வளவு விரைவிற் செய்யலாம் என்பதன் அளவு. அச்சைத் திருகும் ஆற்றலை முறுக்கம் என்பர். நின்ற பாரத்தை அசைக்கவும், எஞ்சினை அலறவிடாமல் மேட்டில் ஏற்றவும், குறைந்த சுழற்சியிலேயே நிறைந்த முறுக்கம் கிடைத்தல் வேண்டும். அது டீசலின் பிறவிக்குணம்.

ஏன் அவ்வாறு? ஜேர்மனியரான ஒட்டோ 1876இல் அமைத்த நான்கடிப்பு எஞ்சினே இன்றைய பெற்றோல் எஞ்சினுக்கு மூதாதை. அதிலே காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைத் தீப்பொறி பற்றவைக்கிறது. அக்கலவையை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கலாம். அதற்கு மேலும் மிக நெருக்கினால் வேளைக்கு முன்னரே வெடித்துவிடும். றுடோல்ப் டீசல் 1897இல் அவுக்ஸ்பேர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினோ காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். இன்றைய டீசல் எஞ்சின்கள் அக்காற்றைப் பதினாறில் ஒரு பங்களவுக்கு நெருக்குகின்றன. அந்நெருக்கத்திற் காற்று கொதித்து, மேலே தெளிக்கப்படும் எண்ணெய் பொறியின்றியே பற்றிக்கொள்ளும். நெருக்கம் கூடுவதால் எரிபொருளிலிருந்து பெறும் வேலையும் கூடும். அன்றியும், ஒரு லீற்றர் டீசலில் அடங்கிய சக்தி ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதைக் காட்டிலும் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு அதிகம். ஒரே 150 குதிரை வலு உடையனவாக விற்கப்படும் இரு வண்டிகளை ஒப்பிட்டால், ஒன்றரை லீற்றர்ப் பெற்றோல் எஞ்சின் 250 நியூற்றன் மீற்றர் அளவில் முறுக்கம் தரும். இரண்டு லீற்றர் டீசல் எஞ்சின் 340 அளவிலே தரும்.

இவ்வளவும் எழுதியபின் கடிதத்தை மீண்டும் படித்தேன். அடியிலே, நலம் விசாரிக்கும் இடத்தில், இரண்டு வரிகள் இருந்தன: "மகனுக்கு ஏழு வயதாகிறது. தொய்வு இன்னும் விட்டபாடில்லை. பள்ளிக்கூடம் ஒன்றரை மைல்தான். ஆனாலும் மழைக்கும் குளிருக்கும் பயந்து மனைவி வண்டியிலேதான் கொண்டுபோய் விடுகிறா."

வண்டி கரவனை இழுக்கப்போவது இரண்டு கிழமை. எஞ்சிய ஐம்பது கிழமையும் அது ஓடப்போவது அந்த ஒன்றரை மைல். நானோ இரண்டு கிழமைக்கு விடை எழுதியிருந்தேன்.

2013ஆம் ஆண்டு டீசல் வண்டியிலே புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. பிடித்த கரி எரிந்து போவதற்குப் புகைவழி நன்றாகச் சூடேற வேண்டும். அதற்கு நெடுந்தூரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஒன்றரை மைலில் எஞ்சினே சூடேறாது. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மாற்றப் பெருஞ்செலவாகும்.

பணத்திலும் பெரிது மூச்சு. காபனீரொட்சைட்டைக் குறைப்பதற்காக, 2001ஆம் ஆண்டில் பிரித்தானியா அவ்வாயுவின் அளவைக்கொண்டு வண்டிகளுக்கு வரி விதிக்கத் தொடங்கிற்று. டீசல் வண்டிகள் பெருகின. ஆனால் டீசல் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகளும் நுண்கரியும் சுவாசப்பையைத் தாக்குவன. டீசல் புகை புற்றுநோய் விளைப்பது என 2012இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் வகைப்படுத்தியது. சோதனைக் கூடத்தில் மாத்திரம் புகையைக் குறைத்துக் காட்டும் சூழ்ச்சி வொக்ஸ்வாகன் வண்டிகளிற் பொருத்தப்பட்டிருந்தமை 2015இல் வெளியாயிற்று; உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வண்டிகளில் அது இருந்தது. தென்கிழக்கு இலண்டனில் நெரிசல் மிக்க வீதியருகே வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணமென 2020இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தொய்வுள்ள பிள்ளையின் தகப்பனுக்கு இதைச் சொல்லாமல் முறுக்கத்தை மட்டும் சொல்வது ஆசிரியத் தொழிலாகுமா?

இலண்டன் நகரும் இப்போது கணக்குக் கேட்கிறது. 2019இல் நகர் நடுவிலே தொடங்கிய புகைக் கட்டுப்பாட்டு வலயம், 2023 ஆவணி முதல் புறநகர்களையும் அடக்கிவிட்டது. பொதுவாக 2015 புரட்டாதிக்கு முற்பட்ட டீசல் வண்டி, அங்கு ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண் கட்ட வேண்டும். பள்ளி நாட்கள் ஆண்டுக்கு 190. பெருக்கிப் பாருங்கள்: 2,375 பவுண்! மலிவு வண்டியின் மலிவு அங்கே தீர்ந்துபோகும். பெற்றோல் வண்டிகளில் 2006க்குப் பிற்பட்டவை பெரும்பாலும் கட்டணமின்றி ஓடலாம்.

அப்படியாயின் பெற்றோல் வண்டி கரவனை இழுக்குமா? இழுக்கும். காற்றை அழுத்தி ஊட்டும் 'ரேர்போ' பொருத்திய இக்காலப் பெற்றோல் எஞ்சின், நிமிடத்துக்கு 1,500 சுழற்சியிலேயே தன் முழு முறுக்கத்தையும் தரவல்லது. மேட்டிலே எரிபொருளைச் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். இரண்டு கிழமைச் செலவுதானே, பொறுக்கலாம்.

இழுவையிற் குடும்பத்தைக் காப்பது எரிபொருளன்று, எடைப் பொருத்தமே. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். நிறைந்த கரவனின் எடை, இழுக்கும் வண்டியின் எடையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேற்படாதிருப்பது நன்று என்பது அங்கு புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை. 1,300 கிலோக் கரவனுக்கு 1,530 கிலோவேனும் உள்ள வண்டி வேண்டும். அவ்வண்டி இழுக்கலாமென அதைச் செய்தவர்கள் விதித்த எல்லையையும் பார்க்க வேண்டும். கொளுவியின்மேல் அழுந்தும் பாரம் கரவன் எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 வரை, அதாவது 65 முதல் 91 கிலோ வரை இருத்தல் நலம். வண்டிக்கு விதித்த அளவையும் அது மீறலாகாது. பாரமெல்லாம் பின்புறம் குவிந்தால், பக்கக் காற்றிலோ லொறியொன்று கடக்கும்போதோ கரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அவ்வேளை பிறேக்கை ஓங்கி மிதிக்காமல், காலை மெல்லத் தளர்த்தி வேகத்தைத் தணிக்க வேண்டும். கரவன் இழுப்போருக்குப் பெருஞ்சாலையில் 60 மைலே சட்ட எல்லை. 2021 மார்கழி முதல் இழுவைக்கெனத் தனிப் பரீட்சை இல்லாமையால், இவற்றைத் தாமே கற்றல் கடமை.

டீசலை நான் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. நாள்தோறும் நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓடுபவருக்கும், 1,800 கிலோக் கரவனை அடிக்கடி இழுப்பவருக்கும், புதிய விதிகளுக்கு அமைந்த டீசல் வண்டியே இன்றும் ஏற்றது. மின்சார வண்டிக்கு முறுக்கம் தாராளம். ஆனால் கரவனைக் கொளுவினால் ஒருமுறை மின்னேற்றி ஓடும் தூரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

அரைப் பக்கத்தை அழித்துவிட்டு இவற்றையே எழுதி அனுப்பினேன். கரவனைச் சாமான்களுடன் நிறுத்துப்பார்க்கும்படியும் சொன்னேன். மறுமொழி வந்தது: "சேர், டீசல் வண்டியை விட்டுவிட்டோம். பெற்றோல் வண்டி பார்க்கிறோம். கரவனை நிறுத்தேன், 1,360 கிலோ! தொட்டியில் நாற்பது லீற்றர் தண்ணீர், அலுமாரிக்குள் இருபது கிலோ அரிசி. தண்ணீரைப் போய்ச் சேர்ந்தபின் நிரப்புவோம். அரிசியையும் இறக்கியாயிற்று. பிட்டுப் பானை மட்டும் வருகிறது."