பூட்டு வேறு, கடினம் வேறு

பழைய விளையாட்டுக் கருவியைத் திறந்து மாற்றியமைப்பவர்களையெல்லாம் ‘திருடர்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கருவியை, காசு கொடுத்து வாங்கிய குறுந்தட்டுக்காகத் திறந்தோம். எதைத் திருடினோம்?

எங்களிடம் இருப்பது ஐரோப்பாவில் விற்கப்பட்ட சேகா சாட்டர்ன். விளையாட விரும்பியது ‘ரேடியன்ட் சில்வர்கன்’. கொனாமியிலிருந்து வெளியேறியவர்கள் 1992இல் தொடங்கிய ட்ரெஷர் நிறுவனம் 1998இல் உருவாக்கிய விண்கலச் சுடும் விளையாட்டு அது. சாட்டர்ன் பதிப்பு ஜப்பானில் மட்டுமே விற்பனைக்கு வந்தது. வேற்று வட்டாரக் கருவி அத்தட்டை ஏற்காது. தட்டில் பழுதில்லை, கருவியிலும் குறையில்லை. சந்தையைக் கூறுபோட்டு ஆள விரும்பிய வணிகம் இட்ட வேலி அது. பிற நாட்டு வீடுகளுக்கு இவ்விளையாட்டு முறைப்படி வந்து சேர்ந்தது 2011இல், அதுவும் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வேறொரு கருவிக்கு. 13 ஆண்டுகள் பூட்டி வைத்தவர்கள்மீது யாரும் ஒழுக்கக்கேடு சுமத்தியதாகத் தெரியவில்லை.

நாங்கள் செய்தது இவ்வளவே. மின்பலகையில் வட்டாரத்தைத் தீர்மானிக்கும் இணைப்புகளில் ஒரு சுவிட்சைப் பற்றவைத்தோம். ஐரோப்பியக் கருவியின் 50 ஹெர்ட்சை ஜப்பானியக் கருவியின் 60 ஆக்க இன்னொரு சுவிட்ச். இரண்டாவது ஆடம்பரமன்று. 60க்கென இயற்றப்பட்ட விளையாட்டு 50இல் சோம்பி நகரும். வேகமே யாப்பாக அமைந்த படைப்பில் அது பாடபேதம். இம்மாற்றத்தால் நகல் தட்டு ஓடிவிடாது. தட்டின் வெளிவிளிம்பிலுள்ள காப்புக் குறியைக் கருவி முன்போலவே சோதிக்கிறது. அச்சோதனையை ஏமாற்றும் சில்லுகளும் உண்டென்பதை நாங்கள் மறுக்கவில்லை. அதற்குரிய வசையை இதன்மேல் ஏற்றுவதைத்தான் மறுக்கிறோம்.

“ஒரு சுடும் விளையாட்டுக்கா இத்தனை பாடு?” என்று இலக்கிய நண்பர்கள் முகஞ்சுளிக்கிறார்கள். ஆடிப் பாராதவர் சொல் அது. இவ்விளையாட்டில் ஏழு ஆயுதங்களும் தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிடுகின்றன. மூன்று பொத்தான்களையும் அவற்றின் கூட்டுகளையும் கொண்டு அவற்றை எய்யலாம். எதிரிகள் சிவப்பு, நீலம், மஞ்சள் என மூன்று நிறத்தவர். ஒரே நிறத்தவரை மும்மூன்றாகத் தொடுத்து வீழ்த்தினால் மதிப்பெண் பெருகும். அதை ஈட்டித்தந்த ஆயுதம் வலுப்பெறும். ஆகவே கண்டதையெல்லாம் சுடுபவன் இறுதியில் வலுவிழந்து நிற்பான். எதைச் சுடாமல் விடுவது என்பதே இங்குக் கற்க வேண்டிய பாடம். அதைக் கற்பதற்குள் எத்தனையோ முறை மாண்டோம். ஆனால் சாட்டர்ன் பதிப்பில், ஓர் ஆட்டத்தில் வளர்த்த ஆயுத வலுவைச் சேமித்து அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துச்செல்லலாம். தோற்றவனை மீண்டும் வா என்றழைக்கும் படைப்பு இது.

கடினமான நூலோடு மல்லுக்கட்டுவது வாசகன் பாடு. அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. நூலகக் கதவைப் பூட்டிவிட்டு, அதைத் திறந்தவனைத் திருடன் என்றால் ஏற்கமாட்டோம். படைத்தவன் வைத்த கடினத்துக்குத் தலைவணங்குகிறோம். விற்றவன் இட்ட பூட்டைத் திறந்தோம், இனியும் திறப்போம்.