வீங்கிய பற்றறி

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை, வகுப்புக் கலைந்தபின் உயர்தர மாணவன் ஒருவன் என் மேசையருகே வந்து தயங்கி நின்றான். கையில் ஒரு கைத்தொலைபேசி. அதன் பின்மூடி பொருந்தாமையால் இறப்பர் வளையம் ஒன்றினாற் கட்டப்பட்டிருந்தது. "மூடி மூட மாட்டேங்குது சேர்" என்றான். வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளிருந்த பற்றறி, பொரித்த அப்பளம் போல நடுவே உப்பியிருந்தது.

மடவளை பஸாரில் 600 ரூபாவுக்கு வாங்கியதாம். இரவில் தலையணையருகே வைத்து மின்னேற்றம் செய்வானாம். அதே பாயில் தம்பியும் தங்கையும் துயில்வராம். வீடோ தேயிலைத் தோட்டத்து லய அறை. ஓர் அறையிற் பற்றிய நெருப்பு, கூரை வழியே அடுத்த அறைகளுக்குத் தாவ எத்துணை நேரம் வேண்டும் என்பதை மலையகத்தார்க்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

யான் இரசாயனம் கற்பிப்பவன் அல்லன். ஆயினும் ஆய்வுகூடத்து நண்பர் ஒருவரின் துணையால் அறிந்துகொண்டதை ஈண்டுச் சொல்லுதல் தகும். கைத்தொலைபேசியில் இருப்பது இலிதியம் அயன் பற்றறி. 1991-ஆம் ஆண்டில் யப்பானின் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. இதற்கு அடிகோலிய குடினஃப், விற்றிங்காம், யோசினோ ஆகிய மூவர்க்கும் 2019-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. உள்ளே இரண்டு மின்வாய்கள். அவற்றிடையே மெல்லியதொரு பிளாத்திக்குத் திரை. சுற்றிலும் எளிதிற் பற்றக்கூடிய திரவம். அத்திரை நம் தலைமயிரினும் மெல்லியது. ஏறக்குறைய 130 பாகை செல்சியசில் அஃது உருகத் தொடங்கும். திரை கிழிந்தாலோ உருகினாலோ மின்வாய்கள் ஒன்றையொன்று தொடும், வெப்பம் பிறக்கும், அவ்வெப்பம் மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கும். நேர் மின்வாயில் உள்ள ஒட்சைட்டு சூடேறுங்கால் ஒட்சிசனையும் வெளிவிடுவதால், எரிவதற்கு வேண்டியவற்றுள் ஒரு பங்கைப் பற்றறி தன்னுள்ளேயே வைத்திருக்கிறது எனலாம்.

இவ்வளவு சினமுள்ள பொருளை அடக்கி வைப்பது, அதன் தலைப்பில் ஒட்டப்பட்டிருக்கும் விரல்நகம் அளவான மின்சுற்று ஒன்றே. கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ற்று என்ற எல்லையைத் தாண்டிச் சற்று உயர்ந்ததும் (புதிய வகைகளில் எல்லை சிறிது கூடும்) அது மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும். போலி செய்வோன் முதலிற் சிக்கனம் பிடிப்பது இதிலேதான். வாங்குவோர் கண்ணுக்குப் புலப்படுவது மேலே ஒட்டிய தாள். ஆகவே தாள் அழகாக அச்சாகிறது, சுற்று இல்லாமற் போகிறது. திரவம் சிதைந்து வாயுவாகும்போது உறை வீங்குகிறது. என் மாணவன் இறப்பர் வளையத்தாற் கட்டி வைத்திருந்தது இந்த வாயுவைத்தான்!

போலிகளின் துணிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: நொக்கியாவின் பீஎல்-5சீ என்னும் பற்றறியின் கொள்ளளவு 1020 மில்லி அம்பியர் மணி. அதே பருமனில் 2800 என்று அச்சிட்டு விற்பதை யானே கண்டுள்ளேன். நாழிச் செம்பில் மூன்று நாழி நெய் கொள்ளும் என்று எழுதி வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

நிற்க. உண்மைப் பற்றறிகள் தீங்கே செய்யாவோ என்று சிலர் வினவுவர். செய்தன. 2007 ஓகஸ்ட் மாதத்தில், யப்பானிய மற்சுசித்தா நிறுவனம் செய்துகொடுத்த பீஎல்-5சீ பற்றறிகளில் 4 கோடியே 60 இலட்சம், மின்னேற்றும்போது மிகையாகச் சூடேறக்கூடும் என்று நொக்கியாவே உலகறிய அறிவித்தது. உலகம் முழுவதிலும் ஏறத்தாழ நூறு நிகழ்ச்சிகள் அதற்குத் தெரியவந்திருந்தன. 2016-இல் சம்சுங் நிறுவனம் தன் கலக்ஸி நோட் 7 தொலைபேசியையே முற்றாக நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் வேறுபாட்டை நோக்குக. நொக்கியாப் பற்றறி ஒவ்வொன்றின் முதுகிலும் 26 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாளம் இருந்தது. எந்தக் காலத்தில் யார் செய்தது என்று தேடிப் பிடித்து, மாற்றித் தர முடிந்தது. போலிக்கோ ஊருமில்லை, பேருமில்லை. 2004-இல் அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் எல்ஜி பெயர் தாங்கிய 50,000 பற்றறிகளைத் திரும்ப அழைத்தபோது, அவற்றுட் போலிகள் கலந்திருந்தமை தெரிந்தது. பெரிய நிறுவனத்தின் களஞ்சியத்துக்குள்ளேயே புகுந்தது, பஸார்க் கடைக்கு வாராதிருக்குமா?

மறுநாள் அக்கடைக்குச் சென்றேன். கடைக்கார நானா நல்ல மனிதர். சண்டைக்கு ஆயத்தமாகப் போன எனக்குத் தேநீர் தருவித்தார். கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து பெட்டியாக வருகிறதாம், பற்றுச்சீட்டுக் கிடையாதாம். "எனக்கே தெரியாது சேர்" என்று தம் தொலைபேசியைத் திறந்து காட்டினார். அதிலும் அதே பற்றறி! நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்னும் எண்ணில் முறையிடலாம் என்பது எனக்குத் தெரியும். சீட்டில்லாமல் யாரைக் குறித்து, எதைக் காட்டி முறையிடுவது? நானாவும் சீட்டில்லாமல் வாங்கியவரே.

மலிவை நாடுவது பேராசை என்று மேடையிற் பேசுவது எளிது. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கடன்பட்டு இத்தொலைபேசியை வாங்கினார் அம்மாணவனின் தாயார். அன்று அதுவே பள்ளிக்கூடம். 2022-இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாள்களில் அதுவே விளக்கும் ஆயிற்று. இப்பொழுது அதற்கு ஏற்ற உண்மைப் பற்றறியைக் கம்பனி செய்வதில்லை. உத்தரவாதத்துடன் வேறொன்று வேண்டுமெனின் 2,800 ரூபா. கொழுந்து பறிப்பவர்க்கு அஃது இரண்டு நாட் கூலி.

வீங்கிய பற்றறியைக் குத்துதல், அழுத்துதல், மீண்டும் மின்னேற்றுதல், குப்பைத் தொட்டியில் எறிதல் ஆகிய நான்கும் கூடா. யான் அதனைப் பழைய பிஸ்கட் தகரத்தில் மணலிட்டுப் புதைத்து, வீட்டுக்கு வெளியே, கொல்லைப்புறத்துச் சுவரோரம் வைத்தேன். மின்கழிவு சேர்க்கும் இடம் ஒன்றிற் கண்டியில் ஒப்படைக்கும்வரை அங்கேயே இருக்கும்.

இரண்டு நாள் கழித்து மாணவன் மீண்டும் வந்தான். "அந்தப் பற்றறியத் திருப்பித் தருவீங்களா சேர்? அம்மா கேட்டாங்க." தந்தை கொழும்பில் வேலை. நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு அந்தத் தொலைபேசியில்தான் அழைப்பாராம். இரண்டு இரவாகத் தாயார் உறங்கவில்லையாம்.

திருப்பித் தரவில்லை. என் இழுப்பறையிற் கிடந்த பழைய பொத்தான் தொலைபேசியைத் துடைத்துக் கொடுத்தேன். கொடுக்குமுன் இருவருமாக அதன் பற்றறியைக் கழற்றி, முதுகில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். அடுத்த முறை புறக்கோட்டைக்குப் போகையிற் சீட்டுடன் கூடிய பற்றறியொன்று கேட்டுக் கொண்டுவருவதாக நானா சொல்லியிருக்கிறார்.