ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுமா?

பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட்டுக்குள்ளோ, செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டிக்குள்ளோ போய், "சர்வர்ல மெமரி நிரம்பிடுச்சு, என்ன பண்ணலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டே பதில்தான். ரீஸ்டார்ட் பண்ணிடு. இல்லேன்னா ரேம் கூட்டிடு. "அந்த மெமரியை வாங்கினது யாரு, ஏன் திருப்பித் தரலை?" என்று கேட்கிறவன் நேரத்தை வீணடிக்கிறவன். ஊழியரின் ஒவ்வொரு மணி நேரத்தையும் டைம்ஷீட்டில் எழுதி வாங்குகிற துறை, பைட்டுக்குக் கணக்குக் கேட்டால் மட்டும் கொட்டாவி விடுகிறது.

பக்கத்தில்தான் இருக்கிறது உத்திரமேரூர். அங்குள்ள குடவோலைக் கல்வெட்டை வாட்ஸப்பில் சுற்ற விடாத ஆளில்லை. அதில் ஒரு விதி உண்டு: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி தேர்வுக்கு நிற்க முடியாது. அதை மட்டும் யாரும் ஃபார்வர்ட் பண்ணுவதில்லை.

கணக்கு வைப்பது லேசான வேலை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் கெர்னல் மெமரியைப் பொதுவாக 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பக்கமும் எந்தக் குழுவின் செலவு என்று குறித்துவைக்கும் ஏற்பாடு 2008இல், 2.6.25 பதிப்பில் வந்தது. அதை எழுதியவர்களில் முக்கியமானவர் அப்போது ஐபிஎம்மில் இருந்த பல்பீர் சிங். டாக்கர், குபெர்னெட்டீஸ் என்று ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்கிறோமே, அங்கே கண்டெய்னருக்கு மெமரி வரம்பு போடும்போதெல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறோம். (அவர் பெயரைக் கேட்டால் முழிப்போம். ஸ்டார்ட்அப் முதலாளிகள் பெயர் கேட்டால் பத்து சொல்வோம்.)

இதில் இன்னொரு சிக்கல், கணக்கு நோட்டே இடத்தை அடைக்கும். ஒரு காலத்தில் பக்கம் ஒன்றுக்கு ஐந்து பாயிண்டர்கள், 64 பிட் மெஷினில் 40 பைட். 8 ஜிபி ரேமில் 80 எம்பி கணக்குக்கே போய்விடும். வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கழித்து ஒரே பாயிண்டராக்கினார்கள். 2015இல் வந்த 3.19 பதிப்பில், மிஞ்சிய அந்த ஒன்றையும் யொஹான்னஸ் வைனர் பக்கத்தின் விவரக் குறிப்புக்குள்ளேயே வைத்துவிட்டார். 80 எம்பி 16 ஆனது. புது ஸ்கிரீன் இல்லை, புது பட்டன் இல்லை. நம் ஊர் அப்ரைசலில் இதற்கு என்ன ரேட்டிங் கிடைத்திருக்கும்?

"ரேம் மலிவு, இன்ஜினியர் நேரம்தான் விலை" என்பார்கள். யாருக்கு மலிவு? மாமல்லபுரம், கோவளம் குப்பங்களில் 2 ஜிபி போனோடு கடலுக்குப் போகிறவருக்கா? மெமரி தட்டுப்பாடு வந்தால் ஆண்ட்ராய்டு பின்னணியில் கிடக்கும் ஆப்பைக் கொன்றுவிடும். தள்ளுபடி காட்டும் ஷாப்பிங் ஆப் விழுங்கிய மெமரிக்கு, அலை உயரம் சொல்லும் ஆப் சாகிறது. கரையில் ஏற்றிய விவரத்தை அது சேமித்து வைக்கவில்லை என்றால், சிக்னல் இல்லாத இடத்தில் அவ்வளவுதான். அவருடைய போனில் ரேம் கூட்ட முடியாது.

ஆண்ட்ராய்டு ஆப் திருப்பித் தராத மெமரியைக் காட்டிக்கொடுக்கும் லீக்கேனரி 2015 முதலே இலவசமாகக் கிடைக்கிறது. சேர்ப்பதற்கு ஒரு வரி போதும். அது காட்டுவதைச் சரிசெய்ய அடுத்த ஸ்பிரிண்ட்டில் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், மேனேஜர் என்ன சொல்கிறார் என்று.