டொக்கு டொக்கு டீச்சரின் பதில்



நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் எழுதியிருந்தான்: "தந்தியே 2013-ல செத்துப்போச்சு, நம்ம டீச்சர் மட்டும் இன்னும் டொக்கு டொக்குன்னு தட்டிட்டிருக்காங்க." ஆளாளுக்குச் சிரிப்பு பொம்மை போட்டீர்கள். வீட்டிலும் இதே கிண்டல்தான். நானும் சிரித்தேன். ஆனால் தப்பான விடைக்குச் சுழி போடாமல் விட்டால் நான் டீச்சரே இல்லை.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கிறதா? திருவொற்றியூரில் கரண்ட் போன கையோடு செல்போனும் போனது. வெளியூரில் இருந்த நீங்கள் அம்மா அப்பாவுக்கு அடித்து அடித்துக் கிடைக்காமல் தவித்தீர்களே! டவர் படுத்துவிட்டால் எவ்வளவு விலை போனும் வெறும் டார்ச் லைட்தான். ஹாம் ரேடியோவுக்கு ஒரு கார் பேட்டரி, ஒரு செட், மொட்டைமாடியில் கட்டிய கம்பி போதும். நடுவில் டவரும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். குரல் இரைச்சலில் அமுங்கும் இடத்திலும் மோர்ஸ் காதில் விழும். வானம் ஒத்துழைத்தால் 5 வாட்டிலேயே கடல் தாண்டும்.

"அதுக்குத்தான் அதிகாரிங்ககிட்ட சாட்டிலைட் போன் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. உங்கள் தெருவில் இருக்கிறதா?

"ஆபத்துன்னு வந்தா கத்துக்கலாம்" என்பதுதான் இன்னும் பெரிய தப்பு. 2004-ல் பாரதி பிரசாத் என்ற ஹாம் டெல்லியிலிருந்து அந்தமானுக்குப் போனது நிவாரணத்துக்காக அல்ல. அங்கிருந்து உலக ஹாம்களோடு பேசும் ஆசைதான். டிசம்பர் 26 சுனாமியில் தொலைபேசிகள் அடங்கியபோது, அந்தப் பொழுதுபோக்கு ரேடியோதான் தீவுகளின் செய்தியை வெளியே கொண்டுவந்தது. பெட்டியில் பூட்டி வைத்த கருவி ஆபத்து நாளில் கைகொடுக்காது. கையும் காதும் தினமும் பழகியிருக்க வேண்டும். தினமும் பழக வைப்பது கடமை இல்லை, சந்தோஷம். வெள்ளம் வந்த பிறகா நீச்சல் கற்பது? காசிமேட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

மோர்ஸ் கஷ்டமா? குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 என்று என்னிடம் படித்தவர்கள்தானே நீங்கள்? இங்கே புள்ளிக்கு 1, கோட்டுக்கு 3. அவ்வளவுதான். மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில்: கடலில் தத்தளித்த கப்பல்கள் உயிர்ப்பிச்சை கேட்ட எஸ்.ஓ.எஸ். இதுதான்.

மோர்ஸ் இல்லாமலும் ஹாம் ஆகலாம், மறுக்கவில்லை. இரண்டு தர உரிமங்களில் ஒன்றுக்கு அது தேவையில்லை. 12 வயது ஆனால் மத்திய அரசின் தேர்வை எழுதலாம். ஆனால் காதால் கேட்டு மனசால் எழுத்துக்கூட்டும் சுகம் வேண்டுமென்றால் மோர்ஸ்தான்.

நாலாயிரம் பேரை 'ஃபாலோ' பண்ணும் உங்கள் பிள்ளைக்கு, தெரியாத நாட்டு மனிதர் ஒருவர் அனுப்பும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கத் தெரியுமா? சனிக்கிழமை சாயங்காலம் என் மொட்டைமாடிக்கு அழைத்து வாருங்கள். போனைக் கீழேயே வைத்துவிட்டு வரவேண்டும். வருகைப்பதிவு எடுப்பேன்!

விடைபெறும்போது நாங்கள் '73' என்போம், அன்பு வாழ்த்துகள் என்று அர்த்தம்.

73, பிள்ளைகளே.