காந்தப்புலம் நலிந்தால் காற்று போய்விடுமா?

செவ்வாய் காந்தப்புலத்தை இழந்தது, அதனால் காற்றையும் இழந்தது: நமக்கு வரும் கட்டுரைகள் பலவற்றின் முன்னுரை இப்படித்தான் தொடங்குகிறது. வெள்ளியை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அங்கும் உள்ளிருந்து எழும் காந்தப்புலம் கிடையாது. தரையழுத்தமோ பூமியைப்போல் சுமார் 90 மடங்கு.

குனெலும் சகாக்களும் 2018இல் வெளியிட்ட கணக்கில், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய மூன்று கோள்களின் இன்றைய இழப்பும் நொடிக்கு அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிட்டது. பெரிய காந்தக்கோளம் சூரியக் காற்றைத் தடுக்கிறது. கூடவே, அகன்ற பரப்பில் அதன் ஆற்றலை வாங்கித் துருவங்களில் கொட்டவும் செய்கிறது. புலம் நலிந்தால் காந்தக்கோளம் சுருங்கும். திறந்த புலக்கோடுகள் கொண்ட துருவப் பரப்போ விரியும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால், புலம் குறையக் குறைய இழப்பு சீராக ஏறும் என்று கொள்ள இடமில்லை.

அந்தத் துருவப் பரப்பில் நடப்பதை நேரில் அளந்தது, 2022 மே மாதம் ஸ்வால்பார்டிலிருந்து ஏவப்பட்ட எண்டூரன்ஸ் ராக்கெட். 248 கி.மீ. உயரத்துக்கும் 768 கி.மீ. உயரத்துக்கும் இடையே அது கண்ட மின்னழுத்த வேறுபாடு வெறும் 0.55 வோல்ட், டார்ச் செல்லில் மூன்றிலொரு பங்குதான். ஹைட்ரஜன் அயனியை ஈர்ப்பைவிடப் பத்து மடங்கு விசையோடு மேலே தள்ள அது போதும். வெள்ளியில் இதே வகை மின்புலத்தின் மின்னழுத்த வேறுபாடு ஏறக்குறைய 10 வோல்ட்.

செவ்வாயின் கதையில் இன்னொரு சிக்கல். ஆக்சிஜன் மூலக்கூறு அயனி எலக்ட்ரானோடு சேர்ந்து பிளக்கும்போது பிறக்கும் அணுவுக்கு மின்னூட்டம் இல்லை. எந்தக் காந்தப்புலமும் அதை நிறுத்தாது. அங்கே தப்பு வேகம் நொடிக்கு 5 கி.மீ.தான் என்பதால் அது போய்விடுகிறது. பூமியில் 11.2 கி.மீ. வேண்டும்.

காந்தத் திருப்பத்தை முன்வைத்து வளிமண்டல இழப்பை எழுதுவோர் ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்கலாம். சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முந்தைய லாஷாம்ப் நிகழ்வில் பூமியின் காந்தப்புலம் பத்திலொரு பங்குக்கும் கீழே போனது. நலிந்த காலத்தை 2,000 ஆண்டு என்று தாராளமாகவே வைப்போம். நொடிக்கு 2 கிலோ வீதம் போனால், மொத்தக் காற்றில் நான்கு கோடியில் ஒரு பங்கு! இழப்பை நூறு மடங்காக்கினாலும் நான்கு லட்சத்தில் ஒன்று. எடியாகரன் காலம் வேறு விஷயம்: புலம் ஏறத்தாழ 2.6 கோடி ஆண்டுகள் மிக நலிந்து கிடந்தது. அப்போது வெளியேறிய ஹைட்ரஜன் ஆக்சிஜன் பெருக உதவியது என்ற கருதுகோளைச் சோதிப்பதில் பொருளுண்டு.

இனி இத்தலைப்பில் கட்டுரை அனுப்புவோர் எந்த வழியில், எந்த அயனி அல்லது அணு வெளியேறுகிறது, அதில் எவ்வளவு காந்தக்கோளத்துக்குள் திரும்பி விழுவதாகக் கொண்டார்கள் என்பதை முறையியல் பகுதியிலேயே எழுதிவிட வேண்டுகிறோம். மதிப்பீட்டாளர்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.